முக்கா, தெருவா

ஆவுடைநாயகம் அண்ணாச்சி தன் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கே கணக்குப் பாடம் நடத்தியபோது உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மகள் விஜயஸ்ரீ என் மாணவி. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை அப்பாவுக்கு அழகாக வரைந்து கொடுத்திருந்தாள்.

"மூணு முக்குக்கும் சமதூரம். நீங்க சொல்லிக்குடுத்த கணக்குதான டீச்சர்? தப்பு இருந்தா சொல்லுங்க."

தச்சநல்லூரில் எங்கள் மூன்று தெருக்களும் ஒரு முக்கோண மைதானத்தைச் சுற்றிப் போகின்றன. குடிநீர்க் குழாய் ஒன்றுதான் கிடைக்கும் என்றார்கள். மூன்று தெருவுக்கும் சமதூரத்தில் போடுங்கள் என்று பெண்கள் எல்லாரும் மனு கொடுத்திருந்தோம். அண்ணாச்சியின் புள்ளி எங்கே விழுந்தது? மைதானத்துக்கு வெளியே, பெரிய தெருவுக்கு அந்தப் பக்கம், அவருடைய இரும்புக் கேட்டுக்கு உள்ளே!

கணக்கில் தப்பில்லை. மைதானத்தின் ஒரு முக்கு விரிகோணம். அப்படி இருந்தால் மூன்று முனைக்கும் சமமான புள்ளி வெளியேதான் போய் விழும்.

அந்தக் கேட்டை எனக்குத் தெரியும். போன வருஷம், தொண்ணூற்று நாலு கோடையில், லாரித் தண்ணீரை அவர் வீட்டுத் தொட்டியில்தான் இறக்கினார்கள். மற்றவர்கள் உள்ளே போய்ப் பிடித்தார்கள். சுடலைக்கண்ணு பெண்சாதி மாடத்தியை மட்டும் சாதி பார்த்துக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, எட்ட நின்று ஊற்றினார்கள். பாதி குடத்தில், பாதி மண்ணில். மறுநாள் முதல் அவள் வாய்க்காலுக்குப் போனாள். அந்தத் தண்ணீரைக் குடித்து அவள் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. குழாயும் அந்தக் கேட்டுக்குள் போனால் அவள் திரும்ப வாய்க்காலுக்குத்தான் போக வேண்டும்.

"மனுவில முக்குன்னா எழுதியிருக்கு? தெருன்னுல்லா எழுதியிருக்கு. முக்குலயா குடியிருக்கோம்?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான் டீச்சர்."

"ஒண்ணில்ல!"

குழாய்க்கு இடம் குறிக்க மைதானத்துக்கு வந்திருந்த ஓவர்சியர் கணேஷ்ராமிடம் கயிற்றைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். பெண்களோடு நின்றிருந்த மாடத்தி மறுநுனியைப் பிடித்தாள். ஒரு முக்கிலிருந்து இரண்டு தெரு ஓரமும் ஒரே அளவு அளந்து முளை அடித்தோம். முளைகளிலிருந்து ஒரே நீளக் கயிற்றைச் சுழற்றி மண்ணில் வளைகோடு கீறி, அவை வெட்டிக்கொண்ட இடத்துக்கு முக்கிலிருந்து கோடு இழுத்தோம். கோணம் சரிபாதி. அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் இரண்டு தெருவும் ஒரே தூரம். அடுத்த முக்கிலும் அப்படியே. இரண்டு கோடும் சந்திக்கிற இடம் மூன்று தெருவுக்கும் சமம். அது எந்த முக்கோணத்திலும் வெளியே போகாது.

சந்தித்த இடத்தில் அண்ணாச்சியின் செங்கல் அடுக்கு இருந்தது. ரெண்டு நாளைக்கு என்று பொது இடத்தில் இறக்கியவர் மூன்று வருஷமாக எடுக்கவில்லை.

அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீங்க நம்ம ஆளு. யாருக்காக இப்படித் துள்ளுதீங்க?"

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி! ஓவர்சியருக்கும் கேக்கட்டும்!"

அண்ணாச்சி சட்டென்று விலகி நின்றார். கணேஷ்ராம்தான் பேசினார். "மனுப்படி டீச்சர் சொல்லுத இடந்தான் சரி. செங்கல எடுக்கணும்."

"எவளும் கை வச்சிரக் கூடாது!" என்று அண்ணாச்சி கத்தினார்.

மாடத்தி கயிற்றைக் கீழே போட்டாள். நாலு செங்கலைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடந்தாள். கேட்டுக்கு வெளியே, அன்றைக்கு அவளை நிறுத்தின அதே இடத்தில் இறக்கி வைத்தாள்.

"நான் உள்ள வரமாட்டேன் அண்ணாச்சி. நீங்க வெளிய வந்து எடுத்துக்கிடுங்க."