டோனலின் கை

பாக்கி டெவானி இன்றும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சிப்ஸ் சாப்பிட்டார். என் சிப்ஸ் வண்டி கோலுக்குப் பின்னால் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, வினிகர் சொட்டச் சொட்ட ஒரு பொட்டலம் வாங்கி, ஆட்டம் முடியும்வரை என் முகத்தையே பார்த்தபடி நிற்பார். கேட்டால், சிப்ஸுக்காகத்தான் வருகிறாராம். இதே சிப்ஸை சனிக்கிழமை சர்ச் வாசலில் டிக்கெட் இல்லாமலே விற்கிறேன். அந்தப் பக்கம் மனிதர் தலைவைத்துப் படுத்ததில்லை.

அவருக்கு என் தம்பி டோனல் மேல் கோபம். அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கத்தில் பந்து என்றால் கேலிக் ஃபுட்பால்தான். அதில் பந்தைக் கையால் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். பதினேழு வயதில் டோனல் நடுக்களத்தில் எழும்பினால் மற்றவர்களுக்கு அவன் இடுப்புதான் தெரியும். அவனை மாவட்ட அணியில் சேர்க்க நாயாய் அலைந்தவர் பாக்கி. சேர்த்தும் விட்டார். அந்த வாரமே இவன், பந்தைக் கையால் தொடக்கூடாத சாக்கர் ஆட, இங்கிலாந்து கிளப் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலேறினான். அதற்குப் பிறகு அவன் ஆடி ஒருநாளும் பாக்கி பார்த்ததில்லை.

அங்கே அவனுடைய முதல் பெரிய ஆட்டத்தை, பாக்கியைத் தவிர ஊரே பப்பில் உட்கார்ந்து டிவியில் பார்த்தது. எதிரணி அடித்த கார்னரிலிருந்து பந்து உயர வந்தது. டோனல் எழும்பினான். இரண்டு கையாலும் அழகாகப் பிடித்தான். அவன் அணியின் கோல் கீப்பரே அவனை வாய்பிளந்து பார்த்தான். பெனால்டி. வருஷக் கடைசியில் அந்த கிளப் அவனை வெளியே அனுப்பியது. பிறகு ஸ்காட்லாந்து, முழங்காலில் இரண்டு ஆபரேஷன், கடைசியில் எங்கள் ஊர் சாக்கர் கிளப்பான கில்பிராக் டவுன். எங்கே போனாலும் எதிரணி ரசிகர்கள் "பிடி! பிடி!" என்று கத்துவார்கள். இவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். சூடு சொரணை இல்லாதவன் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. அவனுக்குத் தன் மேல் சந்தேகமே வந்தது கிடையாது. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் மேல் பிரிவில் தங்கலாம், தோற்றால் கீழே. தங்கினால்தான் டோனலுக்கு இன்னொரு வருஷம் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். முப்பத்து நாலு வயசுக்காரனை வேறு யார் எடுப்பார்கள்? மத்தியானம் அவன் உருளைக்கிழங்கு மூட்டையை வண்டியில் ஏற்றித் தந்தபோது கேட்டேன்.

"தோத்துட்டா என்னடா பண்ணுவ?"

"தோக்க மாட்டோம், நோரீன்."

"ஒருவேளை தோத்துட்டா?"

"உன் வண்டியில கெழங்கு உரிக்கிறேன். இப்ப சந்தோஷமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், நேரம் முடியப்போகிற சமயத்தில் எங்கள் கீப்பர் கம்பத்தில் மோதி விழுந்தான். தோள்மூட்டு கழன்றுவிட்டது. மாற்று ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே இறங்கியாயிற்று. ஆடுகிறவர்களில் ஒருவன்தான் கோலுக்குள் நிற்க வேண்டும். மேனேஜர் யோசித்து முடிப்பதற்குள் டோனல் கீப்பரின் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?" என்றார் பாக்கி. திரும்பவில்லை.

"கீப்பருக்கு அடி. டோனல் கோலுக்குள்ள நிக்கப்போறான்."

வாய்க்குப் போன சிப்ஸ் பாதியில் நின்றது. "கையுறை போட்டிருக்கானா?"

"போட்டான். இப்ப கழட்டி வலைக்குள்ள வீசிட்டான்."

"அப்படித்தான், வெறுங்கையில பிடிக்கணும்," என்றார், என் வினிகர் பாட்டிலைப் பார்த்து.

எதிரணிக்குக் கார்னர். அவர்கள் கூட்டம் முழுக்க எழுந்து நின்று "பிடி! பிடி!" என்று பாட ஆரம்பித்தது. டோனல் வழக்கம்போல் கையைத் தூக்கிக் காட்டினான்.

"எந்தப் பக்கத்துக் கார்னர்?"

"உங்களுக்கெதுக்கு? சிப்ஸ் ஆறுது, சாப்பிடுங்க."

"சொல்லித் தொலையேன் பொண்ணே!"

"திரும்பிப் பாருங்க பாக்கி. கழுத்து ஒண்ணும் சுளுக்கிக்காது."

பந்து வந்தது. ஏழெட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டு எழும்பினார்கள். அவர்கள் எல்லோருக்கும் மேலே, வெறுங்கையில், என் தம்பி அதைப் பறித்தான். முழங்கையை விரித்துக்கொண்டு தரையில் இறங்கினான். நான் அழுதிருப்பேன். அதற்குள் அந்தத் தடியன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். பிடித்தால் ஓடு, அதுதானே சின்ன வயதுப் பழக்கம். இங்கே கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் பெனால்டி கட்டத்துக்குள் மட்டும்தான்; அதைத் தாண்டினால் எல்லாம் போச்சு.

"நில்லுடா டேய்!"

நான்தான் கத்தினேன் என்று நினைத்தேன். இரண்டு குரல் கேட்டது.

வெள்ளைக் கோட்டில் பூட்ஸ் நுனி பட, டோனல் நின்றான். திரும்பி எங்கள் பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான், எனக்கு முன்னால் மைதானத்தைப் பார்த்து நின்றவரைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பிறகு, மேயோவில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல, பந்தைக் கையிலிருந்து காலில் விட்டு ஓங்கி உதைத்தான்.

அது விளக்குக் கம்பங்களுக்கும் மேலே போயிற்று. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கியின் கையில் பொட்டலம் சரிந்து வினிகர் அவர் ஷூவில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முகத்தை அண்ணாந்து, பந்து போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.