விளக்கணைப்பவனின் நோக்கம்

இரண்டாயிரத்து இருபத்தைந்து, ஜூலை பதினேழு, வியாழக்கிழமை, காலை எட்டு நாற்பது, வானம் மூடியிருக்கிறது, மழை நின்றிருக்கிறது என்று சொல்லலாம், ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது… விசாரணை அறிக்கைக்கு நாளும் நேரமும் போதும், வானிலை யாருக்கு வேண்டும், ஆனாலும் லேக் கார்டன்ஸ் நடைமேடையில் குடையை உதறிக்கொண்டு நின்ற ராகவேந்திரனின் மனம் அதையும் சேர்த்தே எழுதியது, விட்டுப்போன ஒன்று பின்னால் கேள்வியாக வரும் என்பது இருபத்திரண்டு வருடம் பிறர் வாக்கியங்களைத் திருத்தியவனுக்குப் பழகிய பயம். தோள்பையில் அறிக்கை இருந்தது. அறிக்கை அல்ல, அறிக்கைகள். ஒரே விசாரணைக்கு இரண்டு முடிவுகள், இரண்டும் பிழையின்றி அச்சிடப்பட்டவை, இரண்டிலும் அவனுடைய கையெழுத்து, ஒன்று பையின் முன்னறையில், ஒன்று உள்ளறையில்… முடிவெடுக்க முடியாதவனும் ஒழுங்கானவனாக இருந்தால் இப்படித்தான் செய்வான் போலிருக்கிறது. இன்று காலை அலுவலகத்தில் மேலதிகாரி நீலாத்ரியின் கையில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் விசாரிக்கப்பட்ட மதுவந்திக்கு வேலை போகும். மற்றதைக் கொடுத்தால் அவள் ஓர் எச்சரிக்கையோடு தப்புவாள், அவளுடைய இடத்தில் இவன் நிற்பான். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது, தெளிவாக எழுதிவிட்டால் எளிதாகிவிடும் என்று யார் சொன்னது?

பஜ்பஜ் லோக்கல் வந்தது, ஏறினான், ஈரக்குடைகளுக்கு நடுவே ஒரு கம்பி கிடைத்தது. எல்லாம் அந்த முக்காடுக்காரனால். கம்பெனி தயாரிக்கும் வீடியோ கேமின் முன்னோட்டத்தில் முக்கால் நிமிடம் வருகிறான், அவ்வளவுதான், ஆற்றங்கரைப் படித்துறையில் வரிசையாக எரியும் விளக்குகளைக் குனிந்து குனிந்து ஊதி அணைத்துக்கொண்டே போகிறான், தலையிலும் முகத்திலும் கம்சா துண்டு, திரும்பிப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, கடைசி விளக்கும் அணைந்த பிறகு இருட்டில் படகுகள் வருகின்றன. யார் இவன், ஏன் அணைக்கிறான்? முன்னோட்டம் வெளிவந்த அன்றே ரசிகர் மன்றத் தளத்தில் ஆரம்பித்தது, இரண்டு மாதமாகியும் ஓயவில்லை. வங்காளிகள் அவனுக்கு அந்தோகார்-தா என்று பெயர் வைத்தார்கள், இருட்டண்ணன். தமிழ்ப் பக்கத்தில் ஊதல் அண்ணாச்சி. வெளிச்சத்துக்கு வரும் நீர்ப்பிசாசுகளிடமிருந்து ஊரைக் காக்கிறான் என்றது ஒரு கட்சி. எதிரிப் படகுகளுக்கு ஊரைக் காட்டிக்கொடுக்கிறான் என்றது இன்னொன்று. ஹவுராவிலிருந்து ஒருவன் ஒவ்வொரு விளக்கருகிலும் அவன் எவ்வளவு நேரம் குனிகிறான் என்று அளந்து, மூன்றாவது விளக்கில் தயங்குகிறான், அங்கேதான் அவன் மகள் இருக்கிறாள் என்று நிறுவினான். முகத்தை ஏன் மூடியிருக்கிறான் என்பதற்கு மட்டும் தனி விவாதம், அதில் இரண்டு பேர் நட்பை முறித்துக்கொண்டார்கள்…

உண்மை என்னவென்றால், ராகவேந்திரனுக்கு அது முதல் நாளே தெரியும், கதை வசனங்களைத் திருத்துகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா, முக்காடுக்காரனுக்கு நோக்கம் எதுவும் கிடையாது. கேமில் இதே காட்சி ஓடும்போது ஆற்றுநீரில் அத்தனை விளக்குகளும் பிரதிபலிக்க, மேலே படகுகளும் வந்து சேர, மலிவான போன்கள் சுமை தாங்காமல் சூடாகி அணைந்துபோயின. படகுகள் வருவதற்கு முன் விளக்குகள் போயாக வேண்டும். திடீரென்று போனால் கோளாறு என்பார்கள். ஒளியமைப்பைக் கவனிக்கும் மதுவந்தி, தூத்துக்குடிப் பெண், வேறொரு காட்சிக்காகச் செய்து கிடந்த படகோட்டி உருவம் ஒன்றை எடுத்து நடக்கவிட்டாள், ஊதச் செய்தாள். முகம் இன்னும் வரைந்து முடியவில்லை, ஆகவே துண்டு. மூன்றாவது விளக்கில் அவன் தயங்குவது நடையில் இருந்த பிசகு, திருத்த நேரமில்லை. ஒரு பிற்பகல் வேலை. அதைத்தான் அவள் பெயரில்லாமல் தளத்தில் எழுதினாள், மூன்றே வரி, இவனுக்கு நோக்கம் இல்லை, போன் சூடாகிறது, அதனால் விளக்குகளை அணைக்க வேண்டியிருந்தது, என்று. ஒருவரும் நம்பவில்லை. அண்ணாச்சிக்குப் போன் சூடாயிட்டாம், யாராச்சும் மோர் குடுங்கப்பா, என்று ஒருவன். இவ்வளவு மட்டமான தியரி இதுவரை வந்ததில்லை என்று இன்னொருவன். அது கீழே கீழே தள்ளப்பட்டுக் காணாமல் போயிற்று. ரசிகர்கள் நம்பாததைக் கம்பெனி மட்டும் நம்பியது, எழுதியது அலுவலகக் கணினியிலிருந்து, வெளியிடக் கூடாத தொழில் விவரம், ஆகவே விசாரணை. யாரையும் அதிகம் பிடிக்காதவர் என்ற தகுதியால் விசாரிக்கும் பொறுப்பு ராகவேந்திரனுக்கு.

பாலிகஞ்சில் கூட்டம் நெருக்கியது, பையை மார்போடு அணைத்துக்கொண்டான், தாள் கசங்கக் கூடாது. விதி எளிது. விவரத்தை வெளியிட்டவருக்குத் தீய நோக்கம் இல்லை என்று நிறுவினால் எச்சரிக்கை. நோக்கம் தெரியவில்லை என்றால் நீக்கம். தெரியாத நோக்கத்தைத் தீய நோக்கமாகவே கொள்ள வேண்டும் என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான், அந்த வாக்கியத்தைத் திருத்தியதும் தானாகத்தான் இருக்கும். அலுவலகத்திலும் ஆளுக்கொரு ஊகம். போட்டிக் கம்பெனி அவளை இழுக்கிறது, சம்பளம் உயர்த்தாத ஆத்திரம், அண்ணாச்சிக்குக் கிடைத்த புகழ் தனக்கு வரவில்லை என்ற பொருமல்… ரசிகர்களைவிட இவர்கள் எதில் மேல்? விசாரணை அன்று மேசையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன், வேறு யாரும் இல்லை. ஏன் எழுதினாய் என்று கேட்டான். முதலில் சும்மாதான் என்றாள். அதை எழுதிக்கொள்ள முடியாது என்றான். அப்புறம் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“தமிழ்ப் பக்கத்துல ஒருத்தர் எழுதுறாருல்லா சார், படித்துறைன்னு பேர் வச்சிக்கிட்டு. தினமும் எழுதுறார். ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் எழுதுறார். ஒண்ணுமே இல்லாத ஒருத்தனுக்காவ இப்படி உருகுறாரேன்னு இருந்துச்சி. சொல்லிட்டா நிம்மதியாத் தூங்குவாருன்னு நெனச்சேன்.”

படித்துறை என்பவன் ராகவேந்திரன்தான். ரயில் பார்க் சர்க்கஸைத் தாண்டியபோது அந்த வாக்கியத்தை மனத்துக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான், எழுவாய், பயனிலை, குறை ஒன்றும் இல்லை. ஊழியர்கள் ரசிகர் தளத்தில் எழுதக் கூடாது என்பதும் விதி. அவளுடைய நோக்கத்தை அறிக்கையில் எழுதினால், யார் அந்தப் படித்துறை என்று சரிபார்ப்பார்கள், தளத்தை நடத்துவதே கம்பெனி, ஒரு நிமிட வேலை. ஏன் எழுதினான் இவன், நோக்கம் இல்லை என்று தெரிந்த பிறகும்? முதல் நாள் ஒருவனுடைய பிழையான ஊகத்தைத் திருத்தத்தான் உள்ளே போனான். திருத்தம் ஒரு பத்தியாயிற்று, பத்தி கட்டுரையாயிற்று. முக்காடுக்காரன் கெட்டவனும் அல்ல, காவலனும் அல்ல, ஆற்றில் போனவர்களுக்காக வீட்டார் ஏற்றி வைத்த விளக்குகள் அவை, இனி வரமாட்டார்கள் என்று தெரிந்தவன் அவன் ஒருவன், அதைக் கதவைத் தட்டிச் சொல்ல வாய் வராமல் அவரவர் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறான், விடிந்ததும் அவர்களே தெரிந்துகொள்வார்கள், என்று எழுதினான். மறுநாள் அதற்கடியில் யாரோ நாலு பேர், அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்டார். மேலும் எழுதுங்கள் என்றார்கள். பிறர் வாக்கியத்தில் ஒற்றைக் கொம்பை நீட்டியும் குறைத்தும் காலம் கழித்தவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை… மனைவி அனுராதா பெங்களூருக்கு, மகள் வீட்டுக்கு, மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போய் இரண்டு துர்கா பூஜை கழிந்துவிட்டது. தினமும் போன் செய்கிறாள், மருந்து சாப்பிட்டேளா என்கிறாள், வருகிறேன் என்றும் சொல்வதில்லை, வரமாட்டேன் என்றும் சொல்வதில்லை. இவனும் கேட்பதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவன் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

சியால்தாவில் இறங்கி மெட்ரோவுக்கான நீண்ட நகரும் படியில் கீழே போகும்போது, சார் என்று பின்னாலிருந்து குரல். மதுவந்தி. மழைக்கோட்டு, கையில் டிபன் பை, இரண்டு படி இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளோடு பேசக் கூடாது, விசாரணை முடியவில்லை, ஆனால் நகரும் படியில் எங்கே ஓடுவது? காலையிலேயே மழையில் செருப்பு அறுந்ததைச் சொன்னாள். கஸ்பாவில் அவள் இருக்கும் வீட்டுக்கார மாசிமாவிடம் ஒருவேளை அடுத்த மாதம் காலி செய்வேன் என்று சொன்னதற்கு அந்த அம்மாள் அழுதுவிட்டு, அழுகை முடிந்ததும் அட்வான்ஸில் பெயின்ட் செலவைப் பிடித்துக்கொள்வேன் என்றாளாம். ஊரில் தம்பிக்குக் கடைசி வருடப் படிப்பு, அதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள். ராகவேந்திரன் உம் கொட்டினான். நடைமேடையின் கண்ணாடிக் கதவில் இருவர் நிழலும் மங்கலாக விழுந்தது. பெட்டியில் ஏறி நின்ற பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“நோக்கம் தெரியலைன்னே போட்டுருங்க சார். எனக்கு வேற வேலை கெடைக்கும். எனக்கு வயசு இருக்கு.”

எனக்கு வயசு இருக்கு. அப்படியென்றால் யாருக்கு இல்லை? பூல்பாகான் போய்விட்டது, ரயில் தரைக்கு மேலே ஏறி சால்ட் லேக்கின் சாம்பல் நிற வெளிச்சம் சட்டென்று முகத்தில் அடித்தது. தெரியும் அவளுக்கு. எப்போதிலிருந்து? ஒருமுறை வசனத்தாளோடு மேசைக்கு வந்தாள், அப்போது போன் திரையைக் கவிழ்த்தானா, கவிழ்த்ததாகத்தான் நினைவு… யாரோ ஒரு முகம் தெரியாத ரசிகனுக்காக அல்ல, இவனைத் தெரிந்து, இவனுக்காக எழுதியிருக்கிறாளா? எதிரே வந்து, சார், அது ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள், தூங்குங்கள் என்று சொல்ல முடியாததால்? ஒருவேளை ஒன்றும் தெரியாமல் பொதுவாகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு ஊகமா, ஹவுராக்காரனே தேவலை. கருணாமயி நிலையத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம் இறங்கியது, இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். செக்டர் ஃபைவில் அவள் முன்னால் இறங்கி, ஒன்றாக வந்ததாக யாரும் நினைக்காதபடி, வேகமாக நடந்து போனாள், அறுந்த செருப்பை ஊக்கு போட்டுச் சேர்த்திருந்தாள்.

அவளுடைய தம்பி. இவனுடைய ஐம்பத்து நான்கு வயது. நோக்கம் தெரியவில்லை என்பது பொய், தனக்கு முழுக்கத் தெரிந்த ஒன்றைத் தெரியவில்லை என்று கையெழுத்திட்டு எழுதுவது எத்தகைய பொய் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மின்தூக்கியில் ஏறும்போது, உள்ளறையில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான், அதில்தான் அவள் சொன்னது சொன்னபடி இருக்கிறது, படித்துறை என்ற பெயரோடு. நினைத்தான் என்பது சரி. முடிவு செய்தான் என்று சொல்லலாமா? ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது, பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினான்.

நீலாத்ரி தன் அறையில் தேநீரும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தான், இவனைவிடப் பதினைந்து வயது சிறியவன், இவனுக்கு மேலே இருப்பவன், ராகவ்-தா, போஷுன் என்று நாற்காலியைக் காட்டினான். மும்பையிலிருந்து நேற்று மாலை அழைப்பு வந்ததாம், பணம் போட்டவர்கள் ரசிகர்களின் ஊகங்களையெல்லாம் படித்திருக்கிறார்கள், நம் முக்காடுக்காரனுக்குத்தான் நோக்கம் இல்லையே, இவற்றில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன என்கிறார்கள். ராகவேந்திரன் பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். மழை மறுபடி ஜன்னலில் தட்ட ஆரம்பித்தது. நீலாத்ரி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, பாதி வங்காளமும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னது இதுதான்:

“தமிழில் எழுதுகிறானே ஒருத்தன், படித்துறையோ என்னவோ, அவனுடையதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அவனைத் தேடிப் பிடியுங்கள் என்கிறார்கள். கதைக்கு அவன் பெயரையே போடலாமாம். கிடைப்பானா, ராகவ்-தா?”

மதுவந்தியின் அறிக்கை என்றான் ராகவேந்திரன், அது பதிலாகாது என்று தெரிந்தும். அவள் விவகாரத்தை நீலாத்ரி மறந்தே போயிருந்தான், ஓ, அது, என்று ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்து நீட்டினான். தாள் ஏற்கெனவே ராகவேந்திரனின் விரல்களுக்கிடையில் இருந்தது, உள்ளறைத் தாள், அவளைக் காப்பாற்றுவது, படித்துறையைத் தேடுகிறவர்களை நேரே இவனிடம் கொண்டுவந்து நிறுத்துவது, நேற்றுவரை தண்டனைக்கு, இப்போது புகழுக்கு. சரியானதைத்தான் கொடுக்கிறான், அதில் ஐயமில்லை, அவள் வேலை பிழைக்கும், தம்பி படிப்பான். ஆனால் கை உள்ளறைக்குள் போனது நீலாத்ரி அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்னாலா, சொன்ன பிறகா… பையைத் திறந்தது முன்னால், அது நிச்சயம், மழை தட்டியது அதற்கப்புறம், எடுத்தது? எடுத்தது எப்போது? வரிசையாக நினைத்துப் பார்த்தான், அந்த ஓர் இடத்தில் மட்டும் எதுவும் இல்லை. நீலாத்ரி தாளின் மறுமுனையைப் பிடித்து இழுத்தான், ராகவேந்திரன் விட்டான்.