வால் சைக்கிள்

கறுப்புக் கோட்டின் கைகளைச் சுருட்டி விட்டுக்கொண்டு, கொட்டகையின் ஈரத் தரையில் மண்டியிட்டு, யெல்மர் தன் மனைவியின் சைக்கிளில் வால் சைக்கிளை மாட்டிக்கொண்டிருந்தான். மனைவி ரைனா முன்னறையில், பாதி இழுத்த திரைக்குப் பின்னால், பெட்டியில் படுத்திருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அவளை எடுத்துப் போக வந்துவிடுவார்கள்.

வால் சைக்கிள் என்பது அந்த வீட்டில் வைத்த பெயர். குழந்தைக்கு அளவான அரைச் சைக்கிள் அது. இருக்கை, கைப்பிடி, பெடல், சங்கிலி, பின்சக்கரம் எல்லாம் உண்டு, முன்சக்கரம் மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக வளைந்து நீளும் ஒரு குழாய், பெரியவர் சைக்கிளின் இருக்கைத் தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருக்கிறவர் மிதித்தால் முன்னால் இருக்கிறவருக்குப் பாரம் குறையும். மிதிக்காவிட்டாலும் வண்டி போகும், முன்னால் இருக்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

"இருக்கை உசரத்த மாத்தாதப்பா" என்றாள் மாய்க்கா, கொட்டகை வாசலில் நின்றபடி. ஆறு வயது. வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"மாத்தல."

"அம்மா வெச்ச மாதிரியே இருக்கணும்."

"அப்படியேதான் இருக்கு, பாரு."

மாய்க்கா பார்த்தாள். "சரி" என்றாள்.

இந்த ஒரு சொல்தான் அவனுக்குப் பயமாக இருந்தது. ரைனா போன நாளிலிருந்து குழந்தை அழவில்லை. எதைச் சொன்னாலும் சரி. சாப்பிடு என்றால் சரி, தூங்கு என்றால் சரி. பெரியம்மா பிள்ளைகள் சித்திக்கு விடைகொடுக்கப் பெட்டியின் மூடியில் வாத்தும் படகும் வரைந்தபோது இவள் தூரிகையோடு நடை வரை வந்தாள். அங்கேயே நின்றாள். பிறகு தூரிகையைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டாள். முன்னறைக்குள் கால் வைக்கவே இல்லை. அவளுக்குள் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டு வருகிறது என்று யெல்மருக்குத் தெரிந்தது. அது எந்தக் கதவு என்றுதான் தெரியவில்லை.

ரைனாவாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போக வர அவள்தான் குழந்தையை இழுத்துக்கொண்டு போவாள். திரும்பிப் பார்க்கவே மாட்டாள். "முதுகாலயே எல்லாம் தெரியும் எனக்கு. கோவமா இருக்காளா, அழறாளா, பராக்கு பாக்கறாளா, எல்லாம் குழா வழியா வந்துடும்" என்பாள். யெல்மர் விடியலிலேயே பாற்பண்ணை வேலைக்குப் போகிறவன், வேறு பாதை. அந்த வண்டியை அவன் ஒரு நாள்கூட இழுத்ததில்லை.

மாட்டி முடித்து ஏறி உட்கார்ந்து பார்த்தான். ரைனா குள்ளம். அவன் முழங்கால்கள் கைப்பிடி வரை வந்தன.

சர்க்கரை ரொட்டித் தட்டோடு வந்த வீட்ஸ்கா அப்படியே நின்றுவிட்டாள். ரைனாவின் அக்கா. காலையிலிருந்து ரொட்டி நறுக்கியே துக்கத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள்.

"இதென்ன கோலம் யெல்மர்? சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கே. ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

"இருக்கைய ஒரு சாண் தூக்கினா குடியா முழுகிடும்?"

"ரைனா வெச்ச உசரம் அது."

வீட்ஸ்கா அவன் கையைப் பார்த்தாள். "கையெல்லாம் சங்கிலிக் கறுப்பு. போய்க் கழுவு" என்றாள். பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

மார்ரித் என்கிற பெண் ஓட்டி வந்த, சவப்பெட்டி ஏற்றுவதற்கென்றே செய்த நீளமான மூன்று சக்கரச் சைக்கிள் வாசலில் நின்றது. அண்டை வீட்டுக்காரர்கள் பெட்டியைத் தூக்கி அதன் தட்டில் வைத்தார்கள். காரில் போக மாட்டேன் என்று ரைனா படுக்கையில் கிடந்தபடியே சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கும் சைக்கிள், பிரசவத்துக்கும் சைக்கிள், இதுக்கு மட்டும் எதுக்குக் கார் என்று கேட்டாள்.

கடற்பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. பாதையின் இருபுறமும் வெள்ளைக் காட்டுப்பூக்கள் இடுப்பளவு நின்றன. அவற்றுக்கு அப்பால் வயலும் வானமும் ஒரே நிறம். பாதி உடம்புப் பசுக்கள் பனியில் மிதந்தன. பின்னால் ஊரே சைக்கிளில் வந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. முன்னால் ரைனா, நடுவில் தான், பின்னால் மாய்க்கா. வீட்டுக்குள் எப்போதும் இந்த வரிசையில்தானே வாழ்ந்தோம் என்று யெல்மருக்குத் தோன்றியது. எல்லாம் தூக்கத்தில் நடப்பது போலவும், எழுந்தால் ரைனாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்பது போலவும் இருந்தது.

பாரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் கிளம்பினான். பாரமே இல்லை. அது மட்டுமல்ல, யாரோ முதுகில் கை வைத்து நெட்டுவது போல இருந்தது. இவன் மிதிப்பதற்கு முன்பே சைக்கிள் ஓடியது. முன்சக்கரம் பெட்டி வண்டியை முட்டப் பார்த்தது. பிரேக்கைப் பிடித்தான்.

"மாய்க்கா, மெதுவாடா கண்ணு."

"சரி."

மெதுவாகவில்லை. வாய்க்காலின் மேல் ஒரு பாலம் வந்தது. தட்டையான அந்த ஊரில், பள்ளிக்கூடம் போகும் வழியில் மேடு என்று சொல்ல அது ஒன்றுதான். பாலத்தில் ஏறும்போது நெட்டல் இன்னும் வலுத்தது. பின்னால் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. அழுகிறாளோ என்று காதைத் தீட்டினான். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

தேவாலயம் ஒரு மண்மேட்டின் மேல் இருந்தது, அதைச் சுற்றிக் கல்லறைகள். அந்த ஊரில் யார் இறந்தாலும் புதைப்பதற்கு முன் தேவாலயத்தை மூன்று முறை சுற்றி வருவார்கள். அதுவரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். நடந்துதான் சுற்றுவது வழக்கம். சைக்கிளிலா என்று முந்தின நாள் வீட்ஸ்கா சண்டைக்கே வந்தாள்.

"மூணு சுத்து எதுக்கு பெரியம்மா?" என்று மாய்க்கா அப்போது கேட்டாள். அந்த வாரத்தில் அவளாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"செத்தவங்களுக்குத் தலை சுத்திடும். வீட்டுக்கு வர்ற வழி மறந்துடும். அந்தக் காலத்து ஆளுங்க அப்படிச் சொல்லுவாங்க."

"அம்மாவுக்குத் தலை சுத்தாது" என்றாள் மாய்க்கா. அதோடு சரி.

முதல் சுற்றில் கூட்டம் சைக்கிள்களை வேலியோரம் சாய்த்துவிட்டு நடந்து வந்தது. சைக்கிளில் இருந்தது மார்ரித்தும் இவர்களும் மட்டும்தான். மணி தலைக்கு மேல் கனமாக அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் குழந்தையின் இரைப்பு கேட்டது.

"கண்ணு, காலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு."

"மாட்டேன்."

சரிக்குப் பதிலாக வந்த முதல் சொல். யெல்மரின் முதுகு விறைத்தது.

"ஏன்?"

மணி அடித்தது. இன்னொரு முறை அடித்தது.

"அப்புறம் நீயும் பாலத்துல உக்காந்துடுவே."

அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு நினைவு வந்தது. இலை உதிர்ந்த மாதங்களில் ஒரு நாள் ரைனா பாலத்தின் நடுவில் இறங்கி, அதன் ஓரத் தடுப்புக் கம்பியில் உட்கார்ந்துவிட்டாளாம், முகம் வெளுத்துப்போய். மறுவாரம் ஆஸ்பத்திரி. அதன் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை.

"அம்மா அன்னிக்குக் கேட்டா, மிதிக்கறியான்னு. மிதிக்கறேனேன்னு சொன்னேன். பொய்ப்பா. நான் வாத்து பாத்துட்டு வந்தேன். பாலம் பூரா அம்மா மட்டும்தான் இழுத்தா. அதனாலதான்."

இத்தனை மாதம் இதையா இந்தப் பிஞ்சு சுமந்துகொண்டிருந்தது! யெல்மருக்கு இறங்கி அவளை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் முன்னால் பெட்டி போய்க்கொண்டிருந்தது, பின்னால் ஊர் வந்துகொண்டிருந்தது. மிதித்தான்.

"நீ மிதிக்கலேன்னு அம்மாவுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? திரும்பியே பாக்க மாட்டாளே."

"நீ காலை நிறுத்தினா உன் சக்கரம் டிக் டிக்னு சத்தம் போடும். தினமும் கேட்டிருக்கா. வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட சொல்லுவா, இன்னிக்கும் உன் பொண்ணு ஓசி சவாரிதான்னு."

"திட்டினாளா?"

"சிரிப்பா. அந்தச் சத்தம் கேட்டுட்டே ஓட்டறது தாலாட்டு மாதிரி இருக்குன்னு சொல்லுவா. அவ உடம்பு அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சுடா. பாலத்தால இல்ல. உன்னால இல்லவே இல்ல."

நெட்டல் குறையவில்லை. வார்த்தைக்கு அவ்வளவுதான் பலம் என்று யெல்மர் நினைத்துக்கொண்டான். இரண்டாவது சுற்று முடிந்தது.

"சரி. இப்ப காலை எடு. நான் மட்டும் இழுக்கறேன். எனக்கு என்ன ஆகுதுன்னு நீயே பாரு."

"வேணாம்ப்பா."

"எடுத்துத்தான் பாரேன்."

சட்டென்று பாரம் வந்து சேர்ந்தது. இருக்கைத் தண்டு பின்னால் இழுத்தது. மேடும் பள்ளமுமான செங்கல் பாதையில் சைக்கிள் நின்றுவிடும் போல ஆடியது. முழங்கால் கைப்பிடியில் இடித்தது. இதைத்தான் ரைனா தினமும் இழுத்தாளா? நோயை உடம்பில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல்? கண் கலங்கிப் பாதை மங்கியது. எழுந்து நின்று மிதித்தான்.

"மூச்சு வாங்குது உனக்கு" என்றாள் மாய்க்கா, பயந்துபோய்.

"வாங்கும். அப்புறம் அடங்கிடும்."

"பேசிட்டே ஓட்டு. நிறுத்தாம பேசு."

பேசினான். கோபுரத்து உச்சியில் காத்துக்குச் சுத்தற தகரச் சேவல் தெரியலே, பனி விழுங்கிடுச்சு. ரெண்டு ஆடு நம்மளையே பாக்குது. பெரியம்மா தொப்பி கோணையா இருக்கு, யாரும் சொல்லலே போலிருக்கு. வாயில் வந்ததையெல்லாம் பேசினான். பின்னால் இரைப்பு அடங்கியது. கொஞ்ச நேரத்தில், ரொம்ப நாளாக அடைத்திருந்த ஏதோ திறந்துகொண்டது போல, குழந்தை வாய்விட்டு அழுதாள். அது குழாய் வழியாக அவன் முதுகுக்கு அப்படியே வந்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை.

மூன்றாவது சுற்று முடிந்ததும் மணி நின்றது. மார்ரித் வண்டியை நிறுத்தினாள். தூக்குகிறவர்கள் பெட்டியின் இருபுறமும் வந்து நின்றார்கள்.

"இன்னொரு சுத்து" என்றாள் மாய்க்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"மூணுதான் கண்ணு" என்றாள் வீட்ஸ்கா. "எப்பவும் மூணுதான். உங்க அம்மாவுக்காக ஒரு வழக்கத்த ஏற்கெனவே மாத்தியாச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவள் குழந்தையின் நனைந்த முகத்தைப் பார்த்தாள். யெல்மரைப் பார்த்தாள். பிறகு தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள்.

"கொஞ்சம் நில்லுங்க. ரைனா காத்திருப்பா." பிறகு இவர்களிடம், "போயிட்டு வாங்க" என்றாள்.

யெல்மர் மிதித்தான். பெட்டியைக் கடந்தான். மூடியின் மேல் வரைந்த வாத்துகள் பனி பட்டு ஈரமாக இருந்தன. கூட்டத்தைக் கடந்து, தேவாலயத்தின் பின்பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. மணியும் இல்லை. கீழே, பனி விலகிய ஓரிடத்தில், வாய்க்கால் கொஞ்சம் தெரிந்தது.

"மிதிக்கறியா?" என்று திரும்பாமலே கேட்டான்.

"மிதிக்கறேனே" என்றாள் மாய்க்கா.

டிக் டிக் டிக் என்றது பின்சக்கரம்.