டெக்வினின் வயலில் இருந்த சூளை

வேல்ஸ் எல்லையில், டீ நதிக்கரையில், ரோமானியப் படையணி ஒன்று ஓடு சுட்ட இடத்தைத் தொல்லியலாளர் ஹெலெத் தோண்டிக்கொண்டிருந்தாள். வயல் டெக்வினுடையது. பாதுகாக்கப்பட்ட இடம் என்று அரசு அறிவித்துவிட்டதால் அவன் அங்கே ஆழ உழ முடியாது, வடிகால் வெட்ட முடியாது. நீர் தேங்கி உருளைக்கிழங்கு அழுகியது. அந்த ஆத்திரத்தையெல்லாம் அவன் ஹெலெத் மேல் கொட்டினான்.

ஒருநாள் காலை சூளையின் உட்புறம் வெளிப்பட்டது. யாரும் வெளியே எடுக்காமல் விட்டுப்போன ஓடுகள் அடுக்கியபடியே இருந்தன. மேலே இருந்த ஓட்டில் படையணியின் காட்டுப்பன்றி முத்திரை. ஹெலெத் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டெக்வின் டிராக்டரில் சாணிக்கரைசல் தொட்டியை இழுத்து வந்தான்.

"தள்ளு. என் வயலுக்கு எரு போடப் போறேன்."

"குழிகிட்ட வரக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு, டெக்வின்."

"அது எங்கப்பா போட்டது. சர்ச்சுக்குப் பின்னாடிதான் படுத்திருக்காரு, போய்க் கேளு. என்னைக்கோ செத்த சிப்பாய் சுட்ட ஓட்டுக்கு நான் பட்டினி கிடக்கணுமா?"

"புது டிராக்டர்ல உக்காந்துக்கிட்டா பட்டினின்னு அழறீங்க?"

அவன் முகம் சிவந்தது. நெம்புகோலை இழுத்தான். சாணிக்கரைசல் பீறிட்டுக் குழிக்குள் பாய்ந்தது. ஹெலெத்தின் உதவியாளர் மாப்லி அலறினாள். பன்றி முத்திரை மூழ்கிப்போனது.

பொழுது சாயும்வரை இருவரும் வாளியால் அள்ளினார்கள். சரியாக வேகாத ஓடுகள் பல ஈரத்தில் ஊறிக் கையோடு பிளந்து வந்தன. டெக்வின் வேலியில் சாய்ந்து ரொட்டி தின்றபடி, "நல்லா அள்ளுங்கம்மா" என்றான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய நல்ல வயல். அதற்கடியிலும் இரண்டு சூளைகள் இருப்பதை மண்ணுக்கடியில் இருப்பதைக் கண்டறியும் ஹெலெத்தின் கருவி முன்பே காட்டியிருந்தது. அவன் பிழைப்பு போய்விடுமே என்று அதை அரசுக்கு அனுப்பும் அறிக்கையில் சேர்க்காமல் வைத்திருந்தாள். அன்று வீடு திரும்பியதும் சேர்த்தாள்.

"விட்டுடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மாப்லி.

"சொன்னேன். இப்ப விட மாட்டேன்."

வசந்தத்தில் அந்த வயலுக்கும் தடை வந்தது. டெக்வின் வேலியோரம் வந்து நின்றான்.

"பழி தீத்துட்டே இல்ல?"

"ஆமா."

அவள் மறுப்பாள் என்றே எதிர்பார்த்திருந்தான். அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். ஹெலெத் குழிக்குள் இறங்கினாள். உள்ளுக்குள் இனித்தது.