ஓரக்கண்

எனக்குக் கண் தெரியும் என்று ஊரை நம்பவைக்க மூன்று வருடம் பாடுபட்டேன். தெரியாது என்று நம்பவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாடுபட்டேன். இரண்டிலும் ஜெயித்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

என் பெயர் வேதசிரோமணி. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி ஞானாம்பாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, அஸ்தினாபுரத்தில் ஒரு சின்ன அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்துவந்தேன். தனியாக என்றால் பாவமாக என்று அர்த்தமில்லை. என் சமையல், என் துணி, என் ரேடியோ. கேட்க ஆளில்லை என்பது பலருக்குக் கவலை. எனக்கு அது வசதி.

கண் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருக்காது. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் இருக்கும். ஒருவர் முகத்தைப் பார்த்தால் அவருடைய தோள் தெரியும், பின்னால் இருக்கும் தண்ணீர் டேங்க் தெரியும், டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கா தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஈரக்கையால் தேய்த்த மாதிரி ஒரு அழுக்கு. விழித்திரையின் நடுப்பகுதி வயதாகித் தேய்ந்துவிட்டது, கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண்தான் உருப்படியாக ஒரு வழி சொன்னாள்.

"சார், எதைப் பாக்கணுமோ அதை நேரா பாக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க. உங்களுக்கு ஓரத்துல பார்வை நல்லாவே இருக்கு."

அப்படியே பழகிக்கொண்டேன். முகத்தை இடப்பக்கம் திருப்பி, விழியை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனால், எதிரில் நிற்பவர் யார் என்று மெல்லத் தெரியவரும். கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கி, வயிற்றை அமுக்கி வாங்குவேன். ஷேர் ஆட்டோவை டிரைவர் போடும் சத்தத்தை வைத்துப் பிடிப்பேன். பால் பொங்குவதைக் காது சொல்லிவிடும். சபைப் பாடகர் குழுவில் பாட்டுப் புத்தகத்தைச் சும்மா விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவேன். "இந்த வயசுல என்ன சுறுசுறுப்பு சார்!" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் என் மகள் ஜெரூஷா. பள்ளிக்கரணையில் பதினோராவது மாடியில் இருக்கிறாள். அவள் அம்மாவை அடக்கம் செய்த அன்றே சொல்லிவிட்டாள். "இனிமே உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்பா. அதுக்கு மேல பேச்சே கிடையாது." பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பதினோராவது மாடியில் எனக்கு மார்க்கெட் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, அடுப்பில் கைவைக்க அனுமதியும் இருக்காது. சோபாவில் உட்காரவைத்து டிவியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் கண்புரை ஆரம்பிக்கிறது, சொட்டுமருந்து போடுகிறேன் என்று அவளிடம் கதைவிட்டு வைத்திருந்தேன்.

முதல் மாடிக்கு எழில் என்ற பையனும் அவன் மனைவி ஜீவிதாவும் குடிவந்தார்கள். அந்தப் பெண் துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். காலையில் நான் மார்க்கெட்டிலிருந்து வரும்போது, அவள் கேட் அருகே கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்பாள். யாரோ நிற்கிறார்கள், வணக்கம் சொல்லாமல் போனால் மரியாதையாக இருக்காது, யாரென்று தெரியாமல் சொல்லவும் கூடாது. ஆகவே நின்று, முகத்தைத் திருப்பி, அவளைப் பார்ப்பேன். தெரிந்ததும் "நல்லாயிருக்கியாம்மா?" என்று சிரிப்பேன். தினமும் இது நடந்தது. அவள் பதில் வரவரச் சுருங்கியது. பிறகு நின்றேபோனது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது என்று நான் முணுமுணுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அபார்ட்மெண்டின் வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தது. என் போன் செய்திகளை உரக்கப் படிக்கும். அந்த இயந்திரக் குரல் மூச்சுவிடாமல் படித்தது: "நம் வளாகத்தில் பெரியவர் ஒருவர் பெண்களை ஓரக்கண்ணால் பார்ப்பதாகப் புகார் வந்துள்ளது. நாகரிகம் காக்கவும். தனசிங், செயலாளர்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பெண்பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இப்படி ஒரு ஜென்மமா? உடனே போனை வாயருகே வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசி அனுப்பினேன். "தனசிங், ரொம்பச் சரியாச் சொன்னீங்க. அந்த ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை நான் கேக்குறேன்."

ஒருவரும் பதில் போடவில்லை.

மறுநாள் காலை வாட்ச்மேன் சவுரிமுத்து என் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார். மோட்டார் அறை தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"சார், உன்கைல ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. போன்ல மெசேஜு வந்துச்சே, அது உன்னத்தான் சார் சொல்லிகினு கீறாங்கோ."

"என்னையா? என்னப்பா உளர்றே?"

"அந்த ஐடி பொண்ணுதான் சார் கம்ப்ளெய்ண்டு. தெனிக்கும் கேட்டாண்ட நின்னுகினு ஒரு மாதிரி பாக்குறியாம். வூட்டுக்காரன் செம கடுப்புல கீறான். நீ வேற வாய்ஸ் மெசேஜு வுட்டுகினே. எல்லாரும் இன்னா தெகிரியம்டா இந்தாளுக்குன்னு பேசிக்கிறாங்கோ. ஒரே பேஜாராப் பூட்சு சார்."

ஓரக்கண். பயிற்சி கொடுத்த பெண் ஓரத்தில் பார்க்கச் சொன்னபோது இந்த வார்த்தை எனக்கு ஏன் தோன்றவே இல்லை? காதலன் பார்ப்பது ஓரக்கண். பொறாமைக்காரன் பார்ப்பது ஓரக்கண். கெட்ட எண்ணம் உள்ளவன் பார்ப்பதும் அதுதான். குருடன் பார்ப்பதற்குத் தமிழில் யாரும் அந்த வார்த்தையை வைத்திருக்கவில்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் ஜெரூஷாவை ஒரு கிழவன் தினமும் அப்படிப் பார்த்திருந்தால் நானே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அப்படிச் சொன்னால் போதாது, செத்துவிடலாம் போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். கண்ணைப் பற்றிச் சொன்னால் மானம் தப்பும், வீடு போய்விடும். சொல்லாவிட்டால் வீடு இருக்கும், அதில் இந்தப் பெயரோடு இருக்க வேண்டும். நாற்காலியில் உட்காரும்வரை எனக்கு முடிவு தெரியவில்லை. ஒன்று மட்டும் தீர்மானித்திருந்தேன். இன்று யாரையும் ஓரமாகப் பார்ப்பதில்லை. தலையை நிமிர்த்தி நேராக, எதிரில் இருக்கும் அழுக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"சார், நீங்க படிச்சவரு, சபையில பெரியவரு," என்று தனசிங் தொண்டையைச் செருமினார். "இதை நாங்க பெருசாக்க விரும்பல. ஜீவிதாகிட்ட ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சுது."

சாரி சொன்னால் செய்தேன் என்று ஆகிவிடும். அந்த நொடியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நடுவுல தெரியாது. ஓரத்துல மட்டும்தான் தெரியும். ஜீவிதா, நீ யாருன்னு கண்டுபிடிக்கத்தாம்மா அப்படிப் பாத்தேன். வேற ஒண்ணும் இல்லம்மா."

"அங்கிள், ப்ளீஸ்," என்றான் எழில். அவன் குரலில் கோபத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது. "முந்தாநாள் என் இயர்போன் கீழ விழுந்துச்சு. சுண்டைக்காய் சைஸ் இருக்கும். நான் தேடிட்டிருந்தேன், நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. அது தெரியுது, என் வைஃப் முகம் தெரியலையா?"

"அது ஓரத்துல கிடந்துச்சுப்பா, அதனாலதான்…"

"மீனை அப்படிப் பாத்துப் பாத்துப் பொறுக்குறாரு," என்றாள் ஒரு அம்மாள். "ரோட்டைத் தனியா கிராஸ் பண்றாரு. போன வாரம்கூட என் புடவை நல்லாருக்குன்னாரு."

சொன்னேன்தான். நிறம் தெரிந்தது, சொன்னேன். மூன்று வருடம் நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து என் முன் வைத்தார்கள். ஒருவனுக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதை எப்படி எடுத்துக் காட்டுவது? தட்டுத்தடுமாறி நடித்திருந்தால் முதல் நாளே நம்பியிருப்பார்கள்.

அப்போது கேட் திறந்தது. செருப்புச் சத்தம் வேகமாக வந்து என் முன்னால் நின்றது. ஒரு பெண். பச்சைநிறச் சுடிதாரின் விளிம்பு தெரிந்தது, தோளில் மாட்டிய பை தெரிந்தது. அதற்கு மேல் அழுக்கு. முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், யாரென்று தெரிந்துவிடும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் இன்னொரு பெண்ணை அப்படிப் பார்க்க மாட்டேன்.

அவள் பேசாமல் நின்றாள். மூச்சு மட்டும் கோபமாக வந்தது.

"வாங்கம்மா," என்றேன். "நீங்களும் என்மேல புகார் சொல்லத்தான் வந்தீங்களா? எந்த வீடும்மா நீங்க?"

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எல்லோரும் நேரே என்னையும் அவளையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அப்பா," என்றாள் ஜெரூஷா.

தனசிங் அவளுக்குப் போன் செய்து, உங்க அப்பா இப்படிச் செய்கிறார் என்று சொல்லி வரவழைத்திருக்கிறார். திட்டுவதற்கென்றே வந்தவள். அவள் கை என் முகத்துக்கு முன்னால் அசைந்ததை உணர்ந்தேன். "அப்பா, நான் இங்கதான் நிக்கிறேன்பா. நேரா உங்க முன்னாடி." என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். எல்லோர் முன்னாலும் நானும் அழுதேன். பெற்ற பிள்ளையின் முகம் எதிரிலேயே இருந்தது, எந்த வீடு என்று கேட்டிருக்கிறேன்.

"சாரி அங்கிள், சாரி," என்று ஜீவிதா எங்கிருந்தோ சொன்னாள். "சாமி சத்தியமா எங்களுக்குத் தெரியாது சார்," என்றார் தனசிங். புடவை அம்மாள் மூக்கைச் சிந்தினாள். இப்போது ஒருவர் பாக்கியில்லாமல் நம்பிவிட்டார்கள்.

ஜெரூஷா என் புஜத்தை இறுக்கிப் பிடித்துப் படியேற்றினாள். "பாத்துப்பா, படி இருக்கு. இன்னொண்ணு. மெதுவா." அவள் சொன்னபடி காலை வைத்தேன். வாசலில் நின்று என் சட்டைப்பையிலிருந்து சாவியை அவளே எடுத்துத் திறந்தாள். உள்ளே போனதும் சாவியைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கொடு என்று கேட்க வாயெடுத்தேன். வரவில்லை.