பொதுச்சுவர்

இங்கிலாந்தின் பாத் நகரில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தேன்நிறக் கல்லால் கட்டிய வீட்டு வரிசை அது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே நீண்ட அரண்மனை போலத் தெரியும். உள்ளே பன்னிரண்டு வீடுகள். அவற்றில் அடுத்தடுத்த இரண்டில் றொஷானியும் அவள் அக்கா மாகிரட்டும் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தார்கள். இடையில் ஒரே சுவர். தேத்தண்ணி வைத்ததும் ஒருத்தி அதில் தட்டுவாள், மற்றவள் வந்துவிடுவாள்.

கணவனின் வேலைக்காக றொஷானி ஆக்லாந்து வந்து நான்கு வருடமாகிறது. அந்நகரின் புறப்பகுதியான கிளென் ஈடனில் அவளுடையது தனி மரவீடு. நாலு பக்கமும் புல்தான்.

அன்று காலை மாகிரட் வீடியோவில் அழைத்தாள். அங்கே மாலை. அவளும் அந்த வீட்டை விட்டுப் போகிறாள். உயரமான சன்னல்களையும் வெறுமையான அறைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"அக்கா, சுவரில ஒருக்காத் தட்டுங்கோ."

"அங்க இப்ப வேற ஆக்கள் எல்லோ?"

"ஓம், தெரியும். தட்டுங்கோ."

மாகிரட் தயங்கித் தயங்கித் தட்டினாள். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபக்கத்திலிருந்து யாரோ மெல்லத் திருப்பித் தட்டினார்கள். சகோதரிகள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"போய்க் கதையுங்கோ அக்கா. என்ர வீட்டில ஆர் இருக்கினம் எண்டு பாப்பம்."

மாகிரட் போனைக் கையில் பிடித்தபடி பக்கத்து வாசலுக்குப் போனாள். ஒரு முதியவர் கதவைத் திறந்தார். அவர் வணக்கம் சொன்னது றொஷானியின் காதில் விழவில்லை. அவருக்குப் பின்னால் தெரிந்த தன் மாடிப்படியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.