இருபது மைல் சடுகுடு

1944 பிப்ரவரி 12, சனிக்கிழமை, மாலை நாலே முக்கால் மணிக்குத் தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வில்பிரட் ஒரு மூச்சை உள்ளே இழுத்தான். ஐந்து வருஷம் முடிந்து ஆறாவது நடக்கிறது, அந்த ஒரு மூச்சு இன்னும் தீரவில்லை. அன்று ரேஷன் கடையில் அரிசி தீர்ந்து கோதுமை போட்டார்கள். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது அவனுக்கு வயது பதினைந்து. தகப்பன் சிலுவை சங்கு குளிக்கிறவர். ஒன்பது பாகம், அதாவது ஐம்பது அடிக்கு மேலான ஆழத்தில் கடலடியில் துழாவிச் சங்கு பொறுக்கிவிட்டு மேலே வந்து, அவசரமில்லாமல் பீடி பற்றவைப்பார். பையனுக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. தோற்றவன் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பிடிக்காது. ஜெயித்தவன் முகத்தைப் பார்க்க அதைவிடப் பிடிக்காது. ஓட்டப்பந்தயத்தில் விட்டால் கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்று மற்றவர்களைப் போகவிடுவான். பந்து காலுக்கு வந்தால் யார் கேட்டாலும் தள்ளிவிடுவான், எதிராளி கேட்டாலும். இப்படி ஒருத்தனைப் பள்ளிக்கூடத்தில் சும்மா விடமாட்டார்கள். விடவும் இல்லை. கரையில் ஒதுங்கும், தொட்டாலே அரிக்கும் சொறிமுட்டையை அள்ளி அவன் சட்டைக்குள் போட்டார்கள். இரண்டு நாள் முதுகைச் சொறிந்தபடி வகுப்பில் உட்கார்ந்திருந்தான். ஒருமுறை உப்பளத்து அம்பாரத்தில் கழுத்துவரை புதைத்துவிட்டுப் போனார்கள். அளத்து ஆட்கள் தோண்டி எடுத்தபோது தோல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. இதையெல்லாம் முன்னின்று செய்தவன் செபாஸ்டின். தோணிக்காரர் மகன், சடுகுடு அணிக்குத் தலைவன். ஏன் செய்தான் என்பதற்குக் காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டவர்களும் இல்லை.

டிரில் மாஸ்டர் தேவபிரசாதம் செய்த தவறு இந்தக் கரையில் யாரும் செய்யக்கூடியதுதான். சங்கு குளிக்கிறவர் பிள்ளைக்கு மூச்சு இருக்கும், சடுகுடுவுக்கு வேண்டியது மூச்சு, ஆகவே பையனை அணியில் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார். சிலுவையிடம் போய்ச் சொன்னார். "மூச்சு கெடக்கு சார். அவனுக்கு மனசுல்லா வேணும்" என்றார் சிலுவை. மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வெள்ளிக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். எதிர்த்து ஆடியவர்கள் காயல்பட்டினத்துப் பையன்கள் ஏழு பேர். தலைவன் முஹ்யித்தீன், நெட்டையன், எதற்கும் சிரிக்கிறவன். இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது, பாடிப் போகிற முறை வில்பிரட்டுக்கு வந்தது. செபாஸ்டின் அவன் பிடரியைப் பிடித்துக் காதோரம் சொன்னான்:

"ஏலே, மூச்ச விட்டேன்னா மறுபடியும் உப்புக்குள்ளதான். இந்தத் தடவ தலையும் உள்ள. ஜெயிச்சிட்டு வந்தியோ, நீதாம்ல நம்ம டீமுக்கு நெரந்தரம். எல்லா ஆட்டத்துக்கும் ஒன்னத்தான் எறக்குவேன்."

இரண்டில் எது மோசம் என்று வில்பிரட்டுக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பில் போட்டிருந்த நடுக்கோட்டைத் தாண்டி, சடுகுடு சடுகுடு என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குள் போனான். யாரையும் தொடவில்லை. நடுவில் போய் நின்றான். காயல் பையன்கள் கொஞ்சம் பார்த்துவிட்டு ஏழு பேருமாகப் பாய்ந்து அமுக்கினார்கள். பிடிபட்டவன் மூச்சு தீரும்வரை அமுக்கி வைத்தால் போதும், அவன் அவுட். ஆள் குவியலுக்கு அடியிலிருந்து சடுகுடு வந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. மேலே கிடந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

இப்போது ஏழு பேரும் அவனைத் தொட்டாகிவிட்டது. அவன் பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பினால் ஏழு பேரும் அவுட், கோப்பை இந்தப் பக்கம். கோடு நாலு எட்டில் இருந்தது. "வாலே! வந்து தொலைலே! சும்மா நடந்து வந்தாப் போதும்லே!" என்று செபாஸ்டின் தொண்டை கிழியக் கத்தினான். வில்பிரட் அவனைத் திரும்பிப் பார்த்தான். மூச்சை விடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினான்.

பதினோரு நாள் அப்படியே போனது. எல்லைக் கோட்டைத் தாண்டுகிறவன் அவுட் என்பதால் காயல் பையன்கள் வெளியே போக முடியவில்லை. செபாஸ்டின் ஆட்களும் தங்கள் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. பனையோலைப் பந்தல் போட்டார்கள். காயலிலிருந்து வண்டியில் சோறு வந்தது. வில்பிரட்டின் தாய் பிலோமினா காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு கடைவாய் வழியாகக் கஞ்சி உள்ளே போக, மறு கடைவாய் வழியாகச் சடுகுடு வெளியே வந்தது. தூக்கத்திலும் நிற்கவில்லை, குரல் கொஞ்சம் கம்மியது, அவ்வளவுதான். நடுவராக இருந்த தேவபிரசாதம் விசிலை வாயில் வைத்தபடி நாற்காலியில் காத்திருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். உள்ளே சடுகுடு கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் முஹ்யித்தீன் ஒரு சந்தேகம் கேட்டான். "சார், கோட்டத் தாண்டினா அவுட்டு. சரி. கோட்டையே நாங்க போற பக்கமா நீட்டிக்கிட்டுப் போனா?"

தேவபிரசாதம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆடுகளத்தின் அளவு இடத்தின் வசதிக்கேற்ப அமையலாம் என்று போட்டிருந்தது. எவ்வளவு தூரம் வரை என்று போடவில்லை. போடாததை அவர் தடுக்கிற ஆள் இல்லை. காளவாயிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்தது. இரண்டு பேர் கூடையும் கையுமாக முன்னால் கோடு போட்டுப் போக, கோட்டுக்குள்ளேயே காயல் பையன்கள் ஏழு பேரும் தெற்கே நடந்தார்கள். தாமிரபரணியில் மட்டும் சுண்ணாம்பு நிற்கவில்லை. இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டி நடுவில் கடந்தார்கள். மூன்றாம் நாள் இருபது மைல் தள்ளிக் காயல்பட்டினத்தை ஊரோடு வளைத்துக் கோடு போட்டு முடித்தார்கள். செபாஸ்டின் ஆட்கள் வடக்கே தங்கள் வீடுகள் வரை நீட்டிக்கொண்டார்கள். நடுக்கோடு மைதானத்திலேயே இருந்தது. வில்பிரட் கோட்டுக்குத் தெற்கே இருந்ததால் காயலுக்குப் போனான். வடக்கே மூன்று தெரு தள்ளி இருந்த சொந்த வீட்டுக்குப் போக முடியவில்லை. போனால் ஜெயித்துவிடுவான்.

ஒரு லாபம் இருந்தது. நடக்கிற ஆட்டம் முடியாமல் அதில் இருப்பவனை வேறு ஆட்டத்தில் சேர்க்கக் கூடாது என்பதும் விதி. அதன் பிறகு வில்பிரட்டை யாரும் எந்த மைதானத்துக்கும் கூப்பிடவில்லை. செபாஸ்டினையும் கூப்பிடவில்லை. அவனுக்கு அது பெரிய அடி.

காயலில் முஹ்யித்தீன் வீட்டு முன்கட்டில் இடம் கொடுத்தார்கள். அந்த ஊரில் வெளி ஆண் வந்தால் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். வில்பிரட் வருவது அரைத் தெரு முன்னதாகவே கேட்டது. அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. முஹ்யித்தீனின் தாய் ரஹ்மத்துன்னிஸா, "இந்தப் புள்ளையாட்டம் எல்லா ஆம்புளையும் சத்தம் குடுத்துட்டு வந்தா நல்லாருக்கும்" என்றாள். வில்பிரட் தலையில் துணி மூட்டையை வைத்துச் சந்து சந்தாகச் சேலை விற்கப் போனான். கூவ வேண்டியதில்லை. கதவு இடுக்கு வழியாகக் கை நீளும், துணியைத் தடவிப் பார்க்கும், பிடித்ததை இழுத்துக்கொள்ளும். தொழுகை நேரத்தில் யாரும் சொல்லாமலே கடற்கரைக்குப் போய் அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவான். மீசை முளைத்தது. 1947-ல் வடக்கே பெரிய ஆட்கள் கோடு போட்டதைப் பேப்பரில் படித்தார்கள். அந்தக் கோட்டில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். இந்தக் கோட்டில் ஒரு ஆடு வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது, வேறு சேதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் மைதானத்துக்கு வருவான். முதல் பூசை முடிந்து பிலோமினா தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொண்டுவருவாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் தாய். சிலுவையும் சில நாள் வந்து பீடி குடித்துவிட்டுப் போவார். செபாஸ்டினும் வந்தான். வருஷக்கணக்காக வாராவாரம் வந்து, "ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு, ஒனக்கு என்னலே கேடு" என்று வைதான். அப்பாவின் தோணி விளிம்பைச் சுற்றியும் சுண்ணாம்புக் கோடு போட்டு அதில் கொழும்புக்குப் போய் வந்த வாரங்களில் இரண்டு வாரத்து வசவையும் சேர்த்து வைதான். வில்பிரட் சடுகுடு என்று பதில் சொன்னான். ஒரு சொல்லையே அத்தனை காலம் உற்றுக் கேட்டால் அதன் ஏற்ற இறக்கம் பிடிபட்டுவிடும். மூன்றாவது வருஷம் ஒரு நாள் பிலோமினா, "குழம்பு எப்படி இருக்குலே?" என்று கேட்டபோது செபாஸ்டின், "புளி கூடிட்டுன்னு சொல்லுதான்" என்றான். வில்பிரட் தலையாட்டினான். அதற்குப் பிறகு பிலோமினா மகனிடம் என்ன கேட்பதானாலும் செபாஸ்டினை நிற்க வைத்துத்தான் கேட்டாள். வைவதை அவன் நிறுத்தவில்லை. மொழிபெயர்த்துவிட்டு வைதான்.

1949 ஐப்பசியில் பிலோமினாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. சிலுவை நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தார். ஆறாம் நாள் நினைவு தப்பி மகன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர், மகனைக் கூப்பிடுவதானால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார். அன்று ஞாயிறு. வில்பிரட் கோட்டருகே தாய்க்காகக் காத்து நின்றான். செபாஸ்டின் மட்டும் வெறுங்கையோடு வந்து சொன்னான்: "ஒங்கம்மைக்கு முடியலலே. ஒன்னத்தான் கேக்குதா."

சடுகுடு ஒரு நொடி தடுமாறி மறுபடி பிடித்துக்கொண்டது. வில்பிரட் வடக்கே பார்த்தான். அவன் முகத்தில் ஓடியதைச் செபாஸ்டினால் வாசிக்க முடிந்தது. ஏழு பேரையும் அவுட் ஆக்கிவிட்டு, கோப்பையை வாங்கிக்கொண்டு, இனி எல்லா மைதானத்திலும் இறங்குவதற்குத் தயாராக வில்பிரட் வலது காலைத் தூக்கினான். கால் கோட்டுக்கு மேலே வந்துவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு மேலாக வா வா என்று கத்தியவன், "நில்லுலே!" என்று கத்தினான். "கால எடுலே. அங்கனயே நில்லு. அசஞ்ச, கொன்னுருவேன்."

செபாஸ்டின் காளவாய்க்கு ஓடினான். கூடை நிறையச் சுண்ணாம்போடு வந்தான். நடுக்கோட்டில் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்குக் காலால் அழித்துவிட்டு, அந்த இடத்திலிருந்து வடக்கே குனிந்து கோடு இழுத்துக்கொண்டு போனான். அந்தக் கோட்டை வில்பிரட்டின் வீட்டுச் சுவரைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முழம் தள்ளி இணையாக இன்னொரு கோடாக மைதானம் வரை திரும்ப இழுத்தான். உள்ளே கால் படாமல் பார்த்துக்கொண்டான், அது எதிராளி இடம் ஆகிவிட்டதல்லவா. தெருக்காரர்கள் கட்டிலையும் கோழிக்கூட்டையும் நகர்த்திக் கொடுத்தார்கள். வழியில் செபாஸ்டினின் சொந்த வீட்டு முற்றமே குறுக்கே வந்தது. சுற்றிப் போக நேரமில்லை. முற்றத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு கோட்டைப் போட்டான். அவன் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு பட்டு இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டன. தேவபிரசாதத்தைச் சோற்றிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் கை கழுவாமலே கோட்டை முழுக்க நடந்து பார்த்து, இடத்தின் வசதி என்று சொல்லி ஒரு விசில் ஊதினார்.

வில்பிரட் அந்தச் சந்து வழியாக ஓடினான். கடைசிவரை நிற்காமல் அவன் ஓடி ஊர் பார்த்தது அன்றுதான்.

பிலோமினா கண்ணை மூடிக் கிடந்தாள். அவன் தலைமாட்டில் முட்டி போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சடுகுடு அந்தச் சின்ன அறையில் முட்டி மோதியது. செபாஸ்டின் உள்ளே வர முடியாது. ஜன்னலுக்கு வெளியே, கோட்டுக்கு அப்பால் நின்றான். "என்னம்மா செய்யிதுன்னு கேக்குதான்" என்று அங்கிருந்தே கத்தினான்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் பிலோமினா, கண்ணைத் திறக்காமல். பிறகு மகன் கையைத் தட்டினாள். "மெல்லப் பாடுலே மக்கா. தலை வலிக்கி."

அவன் மெல்லப் பாடினான். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

வீடு இப்போது காயல் பக்கத்தைச் சேர்ந்தது. வில்பிரட் வாரத்தில் பாதி அங்கே இருக்கிறான், பாதி காயலில் சேலை விற்கிறான். மழை பெய்தால் கோடு கரையும், மறுநாள் யாராவது போட்டுவிடுவார்கள். வாசல் தெளிக்கிற பெண்கள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தண்ணீரை நிறுத்திக்கொள்கிறார்கள். செபாஸ்டின் வீட்டில் கிணறு முற்றத்துக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. எதிராளி இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதால், குளிக்கப் போகும்போதும் தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இரண்டு முழத்தைத் தாண்டுகிறான். போன மாசம் கல்யாணமாகி வந்த பெண், முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னான். சரி என்று அவளும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தாண்டினாள்.